வெயிலும் காற்றும் நம்ம நேரத்துக்கு வராது: தேவகோட்டைத் தம்பிக்கு ஒரு பதில்

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: தமிழ்நாட்டில் காற்றாலையும் சோலாரும் சேர்ந்து 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. மாநிலத்தின் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் வரை ஏறியதைப் பெரிய உச்சமாகப் பேசினார்கள். இரண்டும் ஏறக்குறைய சமம்தானே, அப்புறம் எதற்கு இன்னும் நிலக்கரியும் அணு உலையும்? எங்கள் தெருவில் ஏன் இன்னும் கரண்ட் போகிறது? வீட்டில் சோலார் போட்டால் பேட்டரியும் வாங்க வேண்டுமா?

தம்பி, மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நான் துணைமின் நிலையத்தில் பல வருஷம், அப்புறம் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் சில வருஷம் வேலை பார்த்தவன். இப்போது காரைக்குடியில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்தில் மாடிச் சோலார் போடுகிறவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். காற்றும் வெயிலும் இன்னும் நிறைய வர வேண்டும் என்று மனதார நினைக்கிறவன். அப்படி நினைக்கிறவன்தான் அதன் குறையையும் முதலில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நம்பிப் பணம் போட்டவர்கள் ஒரு நாள் இருட்டில் உட்கார்ந்துகொண்டு நம்மைத்தான் கேட்பார்கள்.

முதலில் அந்த 20,000. கண்மாய்க் கரையில் கொள்ளளவு எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, உள்ளே தண்ணீர் கிடக்கிறது என்று நம்பி யாரும் நடவுக்கு இறங்க மாட்டார்கள். நிறுவுதிறன் என்று சொல்லும் மெகாவாட்டும் அந்த மாதிரி ஒரு கொள்ளளவுதான். வருஷம் முழுக்கச் சராசரி எடுத்தால் நம்ம பக்கத்துச் சோலார் தன் திறனில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கொடுக்கும், நம்மிடம் இருக்கும் பழைய காற்றாலைகளும் கால் பங்கைத் தொட்டால் அதுவே நல்ல வருஷம். சரி, சராசரி குறைவாக இருந்தால் இன்னும் கூடுதலாக நட்டுக்கொள்ளலாம், அதை நான் பெரிய குறையாக எடுத்துக்கொள்வதில்லை. எவ்வளவு வருகிறது என்பதை விட எப்போது வருகிறது என்பதில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. மின்சாரத்தை, விளையும் அந்த நொடியிலேயே யாராவது பயன்படுத்தியாக வேண்டும். கம்பிக்குள் அது தங்காது.

பள்ளத்தூர் பக்கம் ஒரு ஆச்சி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற பழைய வீடு. ஓட்டுக்கூரையில் கை வைக்க அவர்களுக்கு மனசில்லை, எனக்கும் இல்லை, அதனால் பின்னால் பிற்பாடு கட்டிய கான்கிரீட் மாடியில் 3 கிலோவாட் போட்டோம். மத்திய அரசின் மானியம் 78,000 ரூபாய் கிடைத்தது, பில்லும் நன்றாக இறங்கியது, ஆச்சிக்கு ரொம்பச் சந்தோஷம். போன சித்திரையில் ஒரு நாள் மத்தியானம் ஒரு மணிக்கு போன் வந்தது. "தம்பி, மாடியில கால் வைக்க முடியல, அப்படிக் கொளுத்துது. கீழ ஒரு ஃபேன் ஓடல. வெயில் அங்கேயேதான் இருக்கு, கரண்டு மட்டும் எப்படிப் போச்சு?"

போய்ப் பார்த்தேன். பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டியான இன்வெர்ட்டரில் ஒரு கோளாறும் இல்லை. பேனலில் இருந்து வரும் வோல்டேஜ் திரையில் நன்றாகவே தெரிந்தது, பக்கத்தில் கிரிட் விளக்கு, அதாவது நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்வலையைக் காட்டும் விளக்கு, மட்டும் சிவப்பாக எரிந்தது. தெரு லைன் போனதும் இந்த வகை இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும், நின்றாக வேண்டும். கம்பத்தில் லைன்மேன் ஏறி, லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பியைப் பிடிக்கிறபோது ஆச்சி வீட்டு மாடியிலிருந்து கரண்ட் திரும்பிப் போனால் ஒரு உயிர் போய்விடும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு, அதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் கிடையாது. ஆனால் போடுவதற்கு முன்னால் இதை ஆச்சிக்குத் தெளிவாகச் சொல்லாமல் விட்டது என் தவறு. மாடியில் சோலார் இருந்தால் கரண்ட் கட்டே இருக்காது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. பாதுகாப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும், அந்த இன்வெர்ட்டரால் தனியாக நிற்க முடியாது. தெரு லைனில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் 50 ஹெர்ட்ஸ் தாளத்தை, அதாவது நொடிக்கு 50 தடவை துடிக்கும் துடிப்பைக் கேட்டு, அதோடு சேர்ந்து போடுகிற பக்கவாத்தியம் அது. தாளம் போடுகிறவர் எழுந்து போனால் அதுவும் நின்றுவிடும். நாட்டில் இன்று இருக்கும் பெரிய சோலார் பண்ணைகளில் பெரும்பாலானவையும் இப்படித்தான். அப்படியானால் தாளம் போடுவது யார்? தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் கூடங்குளத்திலும் சுழன்றுகொண்டிருக்கும், ஒவ்வொன்றும் பல டன் எடையுள்ள டர்பைன்களும் ஜெனரேட்டர்களும்.

நம்ம ஊர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். கிளப்புவதற்குள் பிராணன் போகும், கிளம்பிவிட்டால் வடத்தில் பத்துப் பேர் கையை விட்டாலும் உடனே நிற்காது, முட்டுக்கட்டை போட்டுத்தான் நிறுத்த வேண்டும். கிரிட்டில் சுழலும் அந்தக் கனமான இரும்பு அத்தனையும் சேர்ந்து அப்படி ஒரு தேர். எங்கோ ஒரு 500 மெகாவாட் யூனிட் திடீரென்று விழுந்தால் மற்ற எல்லா யந்திரங்களும் தங்கள் வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அந்த இழப்பைச் சில நொடிகள் தாங்கிக்கொள்ளும், அந்தச் சில நொடிக்குள் மற்ற நிலையங்கள் நீராவியைத் திறந்து ஈடுகட்டிவிடும். அந்தத் தாளத்தின் வேகத்தைத்தான் அதிர்வெண் என்பார்கள்; இந்தியாவில் அது 49.90-க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பது விதி. பார்க்க எவ்வளவு குறுகலான வரப்பு! கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறவர்களின் கண் முழுக்க அந்த எண்ணில்தான் இருக்கும். சோலார் பேனலில் சுழல்வது எதுவும் இல்லை. இப்போது வரும் காற்றாலைகளில் சுழல்வது இருந்தாலும் நடுவில் எலக்ட்ரானிக்ஸ் நிற்பதால் அந்தச் சுழற்சி நேரடியாகக் கிரிட்டைத் தாங்காது. மத்தியான வேளையில் சோலார் ஏற ஏற, இடம் விடுவதற்காகக் கனமான யந்திரங்களை ஒவ்வொன்றாக இறக்குவார்கள், தேர் இலகுவாகிவிடும். இலகுவான தேர் சின்னக் குலுக்கலுக்கே ஆடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பெரும் புயல் உயர்அழுத்தக் கோபுரங்களைச் சாய்த்தது, லைன்கள் அடுத்தடுத்துப் பழுதானதில் வோல்டேஜ் இரண்டு நிமிஷத்துக்குள் பல முறை குழியில் விழுந்து எழுந்தது. காற்றாலைகளில் பலவற்றுக்கு, இத்தனை முறைக்கு மேல் வோல்டேஜ் விழுந்தால் விலகிக்கொள் என்று உள்ளே ஒரு அமைப்பு வைத்திருந்தார்கள், அப்படி ஒன்று இருப்பது கிரிட்டை நடத்துகிறவர்களுக்கே தெரியாது. ஏழு நொடிக்குள் 456 மெகாவாட் காணாமல் போனது. பக்கத்து மாநிலத்திலிருந்து வரும் ஒரே பெரிய இணைப்பு அந்தச் சுமையைத் தாங்காமல் அறுந்தது, மாநிலம் முழுக்க இருட்டு, 8.5 லட்சம் இணைப்புகள். பிறகு அந்த அமைப்பை மாற்றினார்கள், அடுத்த வருஷமே 100 மெகாவாட் பேட்டரி ஒன்றை நிறுவினார்கள்.

2025 ஏப்ரல் 28 மத்தியானம் 12:33-க்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் மொத்தமாக இருண்டதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். சோலார் உச்சத்தில் இருந்த நேரம் என்பதால் உடனே எல்லாரும் சோலாரைக் குற்றம் சொன்னார்கள். விசாரணையில் வெளிவந்தது வேறு: வோல்டேஜ் கட்டுக்கடங்காமல் ஏறி, ஏற ஏற நிலையங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள விலகி, அதனால் இன்னும் ஏறி, நொடிக்கணக்கில் எல்லாம் சரிந்தது. வோல்டேஜைப் பிடித்து வைக்க வேண்டிய வழக்கமான நிலையங்கள் போதிய அளவு பிடிக்கவில்லை. சோலார் நிலையங்களோ, வோல்டேஜைத் திருத்தும் வேலையைச் செய்யும்படி அங்கே இருந்த விதிகளால் கேட்கப்படவே இல்லை. கருவியால் முடியும், விதி கேட்கவில்லை. இந்த இடத்தை நம்ம ஊர் அதிகாரிகள் நாலு முறை படிக்க வேண்டும்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் இதையும் சொல்லியாக வேண்டும். 2012 ஜூலை 30, 31 இரண்டு நாளும் வட இந்தியா இருண்டது, இரண்டாம் நாள் 60 கோடிப் பேருக்கு மேல் பாதிப்பு. அப்போது நாட்டில் சோலார் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. நிலக்கரியை நம்பிய கிரிட்தான் அது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் கடுங்குளிரில் பெருமளவு நின்றுபோனவை எரிவாயு நிலையங்கள். ஆக, நிலக்கரி என்றால் நம்பகம், சோலார் என்றால் நம்பமுடியாதது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக விழும். எது எப்படி விழும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு அதற்குத் தக்க முட்டுக் கொடுக்கிறோமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மேகம் வந்து மறைப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புரட்டாசியில் ஒரு வீட்டு 5 கிலோவாட் இன்வெர்ட்டர் முன்னால் நின்று பார்த்திருக்கிறேன், 4.3 என்று காட்டிக்கொண்டிருந்தது ஒரு மேகத் துண்டு வந்ததும் ஒரே நிமிஷத்தில் 0.9. ஒரு வீட்டுக்கு அது பெரிய ஆட்டம். மாநிலம் முழுக்கப் பரவிக் கிடக்கும் லட்சம் மாடிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்றின் பள்ளத்தை இன்னொன்றின் மேடு நிரவிவிடும். கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் நிலையம் 2,500 ஏக்கரில் விரிந்திருக்கிறது, ஒரு மேகம் அதைக் கடக்கவே நேரம் எடுக்கும். முன்கூட்டித் தெரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்த மாதிரி. 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை மேல் நெருப்பு வளையமாகக் கிரகணம் போனது நினைவிருக்கும். அன்று எந்த நிமிஷத்தில் எவ்வளவு வெளிச்சம் குறையும் என்பது முன்பே தெரியும், அதற்கேற்ப மற்ற நிலையங்களைத் தயாராக வைத்திருக்கலாம். இப்போது ஒரு நாளை 15 நிமிஷம் வீதம் 96 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு தருவோம் என்று பெரிய காற்றாலை, சோலார் நிலையங்கள் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். காற்றைக் கணிப்பதுதான் கொஞ்சம் கஷ்டம், ஏனென்றால் காற்று பாதியானால் மின்சாரம் பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிவிடும். நொடிக்கு 12 மீட்டர் காற்றில் 2,000 கிலோவாட் தரும் யந்திரம் 6 மீட்டரில் 250-தான் தரும். காற்று 3 மீட்டருக்குக் கீழே போனாலும் ஒன்றும் வராது, 25 மீட்டருக்கு மேலே போனால் பாதுகாப்புக்காக நிறுத்திவிடுவோம். கணிப்பில் சின்னப் பிசகு வந்தாலும் உற்பத்தியில் பெரிய பள்ளம் விழுவது இதனால்தான்.

அடுத்தது சாயங்காலம். சித்திரை, வைகாசியில் நம்ம பக்கம் ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் சுடும், ஏசி ஓடாத வீடு இப்போது குறைவு. ஆறரைக்குச் சூரியன் போய்விடும். மத்தியானம் ஆயிரக்கணக்கான மெகாவாட் தந்த சோலார் இரண்டு மூன்று மணி நேரத்தில் பூஜ்யம், அதே நேரத்தில் வீடுகளில் விளக்கு, ஃபேன், ஏசி, மிக்சி எல்லாம் ஒன்றாக ஏறும். அந்தப் பள்ளத்தை யாராவது ஏறி நிரப்ப வேண்டும். நிலக்கரி உலை குளிர்ந்துவிட்டால் மறுபடி சூடேற்றிக் கொண்டுவர அரை நாளுக்கு மேல் ஆகும், அதனால் மத்தியானம் அதை அணைக்கவும் முடியாது, பாதியளவுக்கு இறக்கித் தணலாக வைத்திருக்க வேண்டும். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான் தம்பி. ராத்திரி தேவைப்படும் என்பதற்காகப் பகலில் தணலாக வைத்திருக்கிற அடுப்பு அது. அந்தத் தணலுக்கும் காசு உண்டு. சோலார் ஏலத்தில் யூனிட் இரண்டரை ரூபாய்ப் பக்கம் போகிறது என்று சொல்கிறார்களே, அது வெயில் அடிக்கும்போது பண்ணை வாசலில் கிடைக்கும் விலை. ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் வீட்டு ஸ்விட்சில் கிடைக்கும் விலை அதில் அடங்காது. இந்தக் கணக்கை ஒளிக்காமல் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் வாதம், சோலார் வேண்டாம் என்பது இல்லை.

சாயங்காலப் பள்ளத்தையாவது பேட்டரியால் ஓரளவு நிரப்பிவிடலாம், விலை வருஷா வருஷம் இறங்குகிறது. எனக்குத் தூக்கம் வராதது பருவத்தை நினைத்து. ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். ஆரல்வாய்மொழியில் ஆனி, ஆடியில் நின்று பார்த்தவர்களுக்கு அது வெறும் பழமொழியாகத் தெரியாது, ஜீப் கதவைத் திறக்க இரண்டு கை வேண்டும். பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், கம்பம் பள்ளத்தாக்கு எல்லா இடத்திலும் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வரும்போது அத்தனை காற்றாடியும் ராத்திரி பகல் பார்க்காமல் சுழலும். சில ராத்திரிகளில் வாங்க ஆள் இல்லாமல் நிறுத்தச் சொல்வார்கள். நன்றாகச் சுழலும் யந்திரத்தை நம்ம கையாலேயே நிறுத்துவது எவ்வளவு வேதனை என்று செய்தவனுக்குத்தான் தெரியும். ஐப்பசி பிறந்தால் அதே காற்றாடிகள் மலையடிவாரத்தில் மரம் மாதிரி நிற்கும். அந்த மாதங்களில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை, வானம் மூடிக் கிடக்கும், சோலாரும் படுத்துவிடும். நல்ல நாளில் 12 யூனிட் தரும் ஆச்சி வீட்டு 3 கிலோவாட், கார்த்திகை அடைமழையில் மூன்று நாலு யூனிட்டுக்கே தடுமாறும். காற்றும் வெயிலும் ஒன்றுக்கொன்று துணை என்று பேசுவது மற்ற மாதங்களில் உண்மை, இந்த இரண்டு மூன்று மாதத்தில் இரண்டும் சேர்ந்தே கைவிடும்.

இதை 2012-ல் நாம் அனுபவித்தே இருக்கிறோம். ஆனி, ஆடியில் காற்று வந்ததும் மின்வெட்டு கொஞ்சம் தளர்ந்தது, எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஐப்பசியில் காற்று நின்றதும் மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் வரை போனது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் திண்ணையில் அரிக்கன் விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும், அரிசி ஆலையில் கரண்ட் எப்போது வரும் என்று மூட்டையோடு ஜனங்கள் காத்துக் கிடந்ததும் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. காற்றைக் குறை சொல்ல மாட்டேன், அது தன் பருவத்துக்கு வந்து தன் பருவத்துக்குப் போனது. புதிய நிலையங்கள் தாமதமாகியிருந்தன, வெளி மாநிலத்திலிருந்து கொண்டுவர லைனும் போதவில்லை. வந்துபோகும் விருந்தாளியை வீட்டு ஆளாகக் கணக்கில் எழுதிவிட்டோம்.

நம்ம சீமையில் பிறந்தவர்களுக்கு இது புரிவதில் கஷ்டமே இருக்கக்கூடாது. வருஷம் முழுக்க ஓடும் ஆறு ஒன்று கூட இங்கே கிடையாது. வருஷத்துக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை, அதிலும் நல்ல பங்கு அந்த இரண்டு மூன்று மாதத்தில். அந்த மழையை நம்பியா இத்தனை பெரிய ஊர்களைக் கட்டினார்கள்? ஊருணியை நம்பிக் கட்டினார்கள். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் வளவுக்குள் இறங்கி, அண்டாவில் பிடித்தது போக மிச்சம் தெருவில் இறங்கி, ஊருணிக்கோ கண்மாய்க்கோ போய்ச் சேரும்படி மட்டம் பார்த்துத் தெரு போட்டவர்கள். ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். மழை எப்போது வரும் என்பதை அவர்களால் மாற்ற முடியவில்லை, தண்ணீர் எப்போது கிடைக்கும் என்பதை மாற்றிக்கொண்டார்கள். மின்சாரத்துக்கும் வேண்டியது ஊருணியும் கலுங்கும்தான்: சேமித்து வைக்க ஒன்று, ஓர் இடத்தில் மிஞ்சியதை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக ஒன்று.

ஊருணி நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆழியாறு பக்கம் கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980-களின் கடைசியிலிருந்து இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள், நூறு யூனிட் போட்டால் எழுபத்தைந்து எண்பது யூனிட் திரும்பும். அருமையான ஏற்பாடு. அது முழுத் திறனில் ஆறு மணி நேரம் ஓடினால் 24 லட்சம் யூனிட். கோடையில் தமிழ்நாடு ஒரு நாளைக்குச் செலவழிப்பது 40 கோடி யூனிட்டுக்கு மேல். ஆறு மணி நேர ஓட்டம் முழுதும் மாநிலத்தின் ஒன்பது நிமிஷச் செலவுக்குக் கூட வராது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்றுக்கு வேலை நடக்கிறது, இன்னும் பல வேண்டும். பேட்டரி மத்தியானத்தை ராத்திரிக்குக் கொண்டுபோகும், ஆடியை ஐப்பசிக்குக் கொண்டுபோகாது, வருஷத்துக்கு ஒரு தடவை நிரப்பிக் காலி பண்ணுகிற பேட்டரிக்கு யாராலும் காசு கொடுத்து மாளாது. அதனால்தான் பருவப் பள்ளத்துக்கு இன்னும் கொஞ்ச காலத்துக்கு நிலக்கரியும் அணு மின்சாரமும் நீர் மின்சாரமும் இருந்தாக வேண்டும் என்கிறேன்.

கலுங்கு விஷயத்தில் கொஞ்சம் தேறியிருக்கிறோம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் சேர்ந்த பிறகுதான் தெற்கு கிரிட் மற்ற நாட்டோடு ஒரே தாளத்தில் சேர்ந்தது. அதற்குப் பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம்ம புகளூருக்கு 6,000 மெகாவாட் தாங்கும் நேர்மின்சார லைன் வந்தது. நமக்கு வேண்டும்போது அங்கிருந்து வரும், இங்கே ஆடிக் காற்று மிஞ்சினால் வடக்கே போகும். ராஜஸ்தானில் வெயில் அடிக்கும்போது இங்கே மழையாக இருக்கலாம், பரப்பு கூடக் கூட ஆட்டம் குறையும்.

காரைக்குடிக்காரனாக ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம்ம ஊரிலேயே இருக்கிறது. பேட்டரிதான் அவர்களுடைய முக்கியமான வேலைகளில் ஒன்று. மின்சாரத்தைச் சேமிப்பதுதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல் என்று ஆன காலத்தில், அந்த வளாகத்தைத் தாண்டிப் பஸ்ஸில் போகும் நம்ம பிள்ளைகளுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நாள் கூட்டிப் போனால் கூடப் போதும்.

சரி, உங்கள் தெருவில் கரண்ட் போவதற்கு வருகிறேன். பெரும்பாலும் அதற்கும் காற்றாலைக்கும் சோலாருக்கும் சம்பந்தமே இல்லை. கிளை உரசுவது, டிரான்ஸ்ஃபார்மரில் சுமை கூடி ஃபியூஸ் போவது, பழைய கம்பி, பராமரிப்புக்காக நிறுத்துவது, இவைதான் காரணம். 2018 நவம்பர் 16 கஜா புயலில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து புதுக்கோட்டை, தஞ்சைக் கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தனவே, அன்று எந்த மின்நிலையத்தில் எவ்வளவு உற்பத்தி இருந்தாலும் வீட்டுக்கு வர வழி இல்லை. அப்போது பேட்டரியோடு தனியாக ஓடும் சின்னச் சோலார் வைத்திருந்த வீடுகளில்தான் அக்கம்பக்கத்தார் வரிசையாக வந்து போன் சார்ஜ் போட்டார்கள். நாடு முழுதுக்கும் நம்பகத்தைக் குறைக்கக்கூடிய அதே சோலார், ஒரு வீட்டுக்கு, பேட்டரி கூட இருந்தால், நம்பகத்தைக் கூட்டவும் செய்யும்.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை இது. தாராளமாக 3 கிலோவாட் போடுங்கள். மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர், கீசர் எல்லாவற்றையும் காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் தள்ளுங்கள். வீடு வீடாக அப்படித் தள்ளினால் சாயங்காலப் பள்ளம் அந்த அளவுக்குக் குறையும். விவசாய மோட்டார்களின் மும்முனை மின்சாரத்தைப் பகல் வெயில் நேரத்துக்கு நகர்த்துவதும் இதே கணக்குதான், ஒரு பைசா பேட்டரி இல்லாமல் கிடைக்கும் ஊருணி அது. பேனலைப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை விடியற்காலையில் கழுவுங்கள், சூட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சித்திரை வெயிலில் உற்பத்தி உச்சத்துக்குப் போகவில்லையே என்று பயப்படாதீர்கள், பேனல் 60 டிகிரிக்கு மேல் சூடானால் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவது அதன் இயல்பு. பேட்டரி வேண்டுமா என்றால், வீட்டில் வயதானவர்கள் இருந்தாலோ, ஆக்சிஜன் கருவி, இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜ் மாதிரி ஏதாவது இருந்தாலோ வேண்டும், அப்போது தெரு லைனோடும் பேட்டரியோடும் ஓடக்கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் கேட்டு வாங்குங்கள். கரண்ட் போனால் வீடு முழுக்க ஓட வேண்டும் என்று ஆசைப்படாமல் நாலு விளக்கு, இரண்டு ஃபேன், ஃபிரிட்ஜ் மட்டும் தனி லைனில் எடுத்து அதற்கு மட்டும் பேட்டரி கட்டினால் செலவு தாங்கும். ஆச்சி வீட்டுக்கு அப்படித்தான் பிறகு மாற்றிக் கொடுத்தோம். விற்கிறவர் "கரண்ட் கட் இருக்காது" என்று சொன்னால் மெயின் சுவிட்சை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள், எந்த ஃபேன் ஓடுகிறது என்று நீங்களே பார்க்கலாம்.

அளவை இப்போதே முடிவு பண்ணாதீர்கள். முதலில் பேட்டரி இல்லாமல் ஹைபிரிட் இன்வெர்ட்டரை மட்டும் போட்டுவிட்டு, ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை நாளாகப் பார்த்து ஒரு பத்து நாள், காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் இன்வெர்ட்டர் காட்டும் எண்ணையும், ராத்திரி எவ்வளவு ஓடுகிறது என்று மீட்டர் ரீடிங்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டை இங்கே போடுங்கள், எத்தனை கிலோவாட்-அவர், அதாவது எத்தனை யூனிட் பிடிக்கும் பேட்டரி போதும் என்று உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.